ஏட்டு சவரிமுத்து குடித்ததில்லை

அப்பாவைக் கூட்டிக்கொண்டு நான் ஏறி இறங்கிய எல்லா இடங்களிலும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க?"

குடிப்பது உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அதைத் தாண்டித்தான் கேள்வியே ஆரம்பிக்கும். கால் வீங்கி, வயிறு உப்பி, கண் மஞ்சளாக ஓர் ஆள் வந்து உட்கார்கிறார். அவர் முன்னாள் ராணுவக்காரர், பிறகு போலீஸ்காரர். கேட்பவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? அப்பா ஒவ்வொரு முறையும் "பழக்கம் இல்லீங்க" என்பார். கேட்டவர்கள் ஒவ்வொரு முறையும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

அப்பா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதை எழுதுவதற்குக் காரணம், இதே மாதிரி வயிற்றோடு இன்னொருவர் எங்கேயோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அவருடைய மகளோ மனைவியோ இதைப் படிக்கக்கூடும் என்பதுதான். மற்றபடி எழுதி ஆறுதல் தேடுகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. ஆறவும் இல்லை.

அப்பாவின் பெயர் சவரிமுத்து. தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்து பதினைந்து வருஷம் இருந்தார். திரும்பி வந்து போலீஸில் சேர்ந்தார். ஓய்வு பெறும்போது சட்டையில் நட்சத்திரம் ஏறியிருந்தது. ஆனாலும் ஊரில் அவர் கடைசி வரை "மிலிட்டரி ஏட்டு"தான். காவல் நிலையத்தில் அவருக்குப் பெரும்பாலும் எழுத்து வேலை. புகார் எழுதுவது, வாக்குமூலம் எழுதுவது, எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ராணுவ கேன்டீன் அட்டையில் அவருக்கு மாதாமாதம் மது பாட்டில் பங்கு உண்டு. அப்பா அரிசி குக்கரும் சோப்பும் வாங்கி வருவார். பாட்டில் பக்கம் போனதில்லை. அட்டையை மட்டும் கொடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று உறவிலும் தெருவிலும் எத்தனையோ பேர் கேட்டார்கள். பங்குக்கோயில் திருவிழா கமிட்டிக்காரர்கள்கூடக் கேட்டார்கள். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பின்னால் அவர் படுத்தபோது, "நமக்குத் தராம எல்லாத்தையும் தானே ஊத்திக்கிட்டிருக்காரு" என்று முதலில் சொன்னவர்கள் அவர்கள்தான்.

நான் பட்டுக்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். ஓர் ஆடி மாதம், பழைய கண்ணாடி சரியில்லை என்று அப்பா கடைக்கு வந்தார். மோவாயை மெஷினின் தாங்கியில் வைக்கச் சொல்லி, விளக்கை அடித்துப் பார்த்தேன். வெள்ளை விழி முழுக்க மஞ்சள். அவர் என் அப்பா என்பதை ஒரு நிமிஷம் மறந்து, வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி, "கால் வீக்கம் இருக்கா?" என்று கேட்டேன். பேன்ட்டைத் தூக்கிக் காட்டினார். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி நிரம்ப நேரமாயிற்று.

"எவ்வளவு நாளாப்பா?"

"கதிர் வந்ததுலேர்ந்து."

எங்களுக்கு ஒரு ஏக்கர் குறுவை நெல். கதிர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் தஞ்சாவூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் சொல்லப் போவதில்லை. ஸ்கேன், ரத்தம், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. பெரிய டாக்டர் வயதானவர், நல்ல பெயர் எடுத்தவர், கோபமாகப் பேசத் தெரியாதவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"சிரோசிஸ்" என்றார். கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகி, இறுகி, சுருங்கிப் போவது. இறுகிய ஈரல் வழியாக ரத்தம் போக முடியாமல் உணவுக்குழாயில் உள்ள ரத்த நாளங்கள் புடைத்துக்கொள்ளும். அவை வெடித்தால் ரத்த வாந்தி. வடிய வழியில்லாத நீர் வயிற்றில் கோத்துக்கொள்ளும். இவ்வளவையும் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"பழக்கம் இல்லீங்க டாக்டர்."

"மிலிட்டரில இருந்திருக்கீங்க. குளிர் பிரதேசம். தப்பு ஒண்ணும் இல்ல. எங்கிட்டச் சொல்லலாம்."

"ஒரு சொட்டு கிடையாதுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். வைரஸ் சோதனை எல்லாம் நெகட்டிவ் என்றார். மஞ்சள் காமாலை பி-யும் எச்.ஐ.வி.யும் பார்த்திருந்தார்கள். சி பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. சி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

கோப்பில் என்ன எழுதியிருக்கிறார் என்று வெளியே வந்ததும் அப்பா கேட்டார். எழுதுவதே வேலையாக இருந்தவர் அல்லவா. நான் படித்தேன். நாள்பட்ட எத்தனால் கல்லீரல் நோய்.

"எத்தனால்னா?"

"ஆல்கஹால்பா."

"பெட்ரோல்ல கலக்குறாங்கன்னு போடுறானே, அதுவா?"

"ஆமாப்பா."

அப்பா கோப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பாப்பா, முதல் தாள்ல எழுதிட்டா அவ்வளவுதான். அப்புறம் கோர்ட்டு வரைக்கும் அதுதான் பேசும்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஈரல் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள், இவர் தாளைப் பற்றிப் பேசுகிறாரே என்று.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் ஒன்று செய்தேன். அம்மா முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா, மிலிட்டரில இருந்தப்ப கொஞ்ச நாள்… அப்படி ஏதாவது இருந்தாலும் பரவாயில்லப்பா. அம்மாட்ட சொல்ல மாட்டேன். சொல்லிட்டா டாக்டருக்கு வைத்தியம் பண்ண லேசா இருக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீயும் எழுதிக்க," என்றார்.

முப்பத்தெட்டு வருஷம் அவர் மகளாக இருந்தவள் நான். ஒருநாள்கூட அவர் வாயில் வாடை அடித்ததில்லை. அப்படியும் கேட்டேன்.

மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வயிற்று நீர் எடுப்பது என்று புரட்டாசி வந்தது. நீர் எடுக்கும்போது அடிவயிற்றின் ஓரத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சின்னக் குழாயைச் செருகி, கீழே பிளாஸ்டிக் டப்பாவில் வடிய விடுவார்கள். வெளிர் மஞ்சளாக, கஞ்சித் தெளிவு மாதிரி வரும். நாலு லிட்டர், ஐந்து லிட்டர். வடிந்ததும் அப்பா எழுந்து நடப்பார், பெல்ட்டை இரண்டு துளை இறுக்கிப் போடுவார். பத்து நாளில் பெல்ட் போட முடியாமல் ஆகிவிடும். அம்மா அவருடைய எல்லா பேன்ட்டுக்கும் இடுப்பைப் பிரித்து நாடா வைத்துத் தைத்தாள். அம்மாவுக்கு லூர்து என்று பெயர். வாயே திறக்காதவள். அந்த ஏழெட்டு மாதத்தில் அவள் பேசியதைவிடத் தைத்தது அதிகம்.

ஈரல் மாற்று அறுவை செய்யலாம் என்று பெரிய டாக்டரே சொன்னார். என் ரத்தமும் அப்பாவின் ரத்தமும் ஒரே வகை. என் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி அவருக்கு வைத்தால், எனக்கு மறுபடி வளர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் சேவியர் தேங்காய் மண்டியில் இருக்கிறார், பயந்த சுபாவம். அவரே, "குடு ஜெசி, யோசிக்காத" என்று சொல்லிவிட்டார். அப்பாதான், "உன்னை அறுத்து நான் எத்தனை நாள் இருக்கப் போறேன்" என்று அடம் பிடித்தார். அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் ஒரு மாதம் போனது.

அறுவை செய்ய வேண்டிய சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. குடியால் ஈரல் கெட்டவர்கள் ஆறு மாதம் குடிக்காமல் இருந்து நிரூபிக்க வேண்டும். அதற்கு மறுவாழ்வு ஆலோசனைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். மற்ற சோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான். கோப்பின் முதல் தாளில் அப்படி எழுதியிருந்ததால், இதுவும் அதன் பின்னாலேயே வந்தது.

ஆலோசனை அறை தஞ்சாவூரில் ஒரு மாடியில் இருந்தது. வெளியே பெஞ்சில் ஆறேழு பேர். ஒருவர் கை நடுங்க டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், முதுகு நிமிர்ந்து, அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் படியேறி வந்து, அப்பாவைப் பார்த்துவிட்டு, தெரியாத மாதிரி இறங்கிப் போனார்.

உள்ளே இருந்த ஆலோசகருக்குச் சின்ன வயது. மரியாதையாகவே பேசினார்.

"ஐயா, இங்க யாரும் உங்களக் குத்தம் சொல்லல. ஒத்துக்கிறதுதான் முதல் வேலை."

"எத ஒத்துக்கணும் தம்பி?"

"பழக்கத்த."

"அது இல்லையே."

"வர்ற எல்லாரும் முதல் நாள் அப்படித்தாங்கய்யா சொல்வாங்க."

அப்பா சிரித்துவிட்டார். "நானும் ஸ்டேஷன்ல இதத்தான் சொல்வேன்," என்றார்.

ஆலோசகர் ஒரு படிவத்தை நீட்டினார். இனி மது அருந்த மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். அதற்குக் கீழே, கடைசியாக மது அருந்திய தேதி, ஒரு கோடு. அப்பா இரண்டு முறை படித்தார். பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"இனிமே குடிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தா, இதுவரைக்கும் குடிச்சேன்னு ஆகும். போட முடியாது தம்பி."

"இது வெறும் ஃபார்மாலிட்டிங்கய்யா."

"கையெழுத்துல ஃபார்மாலிட்டி கிடையாது."

அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு வந்து மாடிப்படித் திருப்பத்தில் நிறுத்திப் பேசினேன். கெஞ்சினேன். உங்கள் வீம்பைப் பிடித்துக்கொண்டு செத்துப் போகப் போகிறீர்களா என்று கத்தினேன். நான் என் ஈரலைத் தருகிறேன் என்கிறேன், உங்களால் ஒரு கையெழுத்துத் தர முடியாதா என்று கேட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். படி ஏறியதே அவருக்கு அதிகம்.

"பாப்பா, ஒரு பம்புசெட் மோட்டார் திருட்டு," என்று ஆரம்பித்தார். "வெட்டிக்காட்டுப் பையன் ஒருத்தன். பொண்டாட்டிக்கு ஆறு மாசம். இல்ல சார், நான் எடுக்கல சார்னு சொல்லிக்கிட்டே இருந்தான். பொழுதுக்கும் அதே வார்த்தை. அடிச்சோம். நானும் அடிச்சேன். கையெழுத்துப் போட்டுட்டா வீட்டுக்குப் போயிடலாம்டான்னு நான்தான் நைச்சியமாச் சொன்னேன். நான் எழுதுனதுக்குக் கீழ போட்டான். எட்டு மாசம் கழிச்சு அந்த மோட்டார் வேற ஒருத்தன் கிணத்துல கிடந்துச்சு."

"அவன் என்ன ஆனான்?"

"உள்ளதான் இருந்தான். எழுதியாச்சுல்ல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்கு அந்தப் பையனைப் பற்றி யோசிக்க நேரமில்லை. "இப்ப நீங்க போடுங்கப்பா," என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். தேதிக் கோட்டை விட்டுவிட்டார். தேதி இல்லாமல் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார் ஆலோசகர். பழைய தேதி ஏதாவது போட்டால் காத்திருப்பது குறையுமா என்று கேட்டேன். நிரூபிக்க முடியாத தேதி செல்லாது, இந்த மாதத்துத் தேதியாகப் போடுங்கள் என்றார். பேனாவை நான் வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமையின் தேதியை எழுதினேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமையா? காலைல பூசைக்குப் போயிட்டு வந்து தென்னங்கன்னு வச்சமே, அன்னிக்கா?"

"ஆமாப்பா."

"சரி."

அந்த ஆறு மாதம்தான் போனது. மாதாமாதம் ரத்தமும் சிறுநீரும் எடுத்து, இவர் குடிக்கவில்லை என்று சான்று தந்தார்கள். "திருந்திட்டாரு" என்று ஆலோசனை மையத்தில் ஒரு அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள். சம்பா நட்டு, வளர்ந்து, தை கழிந்து அறுத்தும் ஆனது. எங்கள் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். குடிக்காமல் இருப்பதை நிரூபித்துக்கொண்டிருந்த அந்த நாட்கள் முழுக்க, அப்பாவின் ஈரலைத் தின்னும் கிருமி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் நிறைய இன்னும் சில நாளே இருந்தபோது, தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா குழாயடியில் அப்படியே குனிந்தார். ரத்தம். வாளித் தண்ணீரெல்லாம் சிவப்பு. அம்மா அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். எங்கள் பெரிய டாக்டர் ஊரில் இல்லை; ஆம்புலன்ஸ்காரர் பக்கத்திலிருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டு, வெடித்த ரத்த நாளங்களைச் சின்ன ரப்பர் வளையங்களால் இறுக்கிக் கட்டினார்கள். ரத்தம் நின்றது. நாலு யூனிட் ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் நஸ்ரின் வந்தார். அதிராம்பட்டினத்துப் பெண், என்னைவிடச் சின்னவர். கோப்பைத் திறக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் முந்திக்கொண்டு சொன்னேன், "ஆறு மாசமா சுத்தமா நிறுத்திட்டாரு டாக்டர்." என் வாயிலிருந்தே அது வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் போர்வையை விலக்கி வயிற்றைத் தட்டிப் பார்த்தார். இடது தொடையில் நீளமாகத் தழும்பு. "இது என்னய்யா?" என்று கேட்டார்.

"மலைப்பாதைல வண்டி கவுந்துச்சும்மா. மிலிட்டரில."

"ரத்தம் ஏத்துனாங்களா?"

"எங்க செக்‌ஷன் ஆளுங்க அஞ்சு பேரு படுத்துக் குடுத்தாங்க. அவங்க இல்லன்னா அன்னிக்கே போயிருப்பேன்."

டாக்டர் அப்போதுதான் கோப்பைப் பிரித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். "ஹெபடைட்டிஸ் சி எங்க பார்த்தீங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் விழித்தேன். அவர் உடனே நர்ஸைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

மறுநாள் மதியம் என்னைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். எளிதாகத்தான் விளக்கினார். சி என்பது ரத்தத்தின் வழியாகப் பரவும் ஒரு வைரஸ். அப்பாவுக்கு விபத்து நடந்த காலத்தில் அதைக் கண்டுபிடிக்கும் சோதனையே கிடையாது. கொடுத்தவருக்கும் தெரியாது, ஏற்றியவருக்கும் தெரியாது. இருபது, முப்பது வருஷம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து ஈரலை இறுக வைக்கும்.

"மருந்து இருக்கா டாக்டர்?"

"இருக்கு. மாத்திரைதான். தினம் ஒண்ணு, பன்னெண்டு வாரம். பெரும்பாலும் முழுசாப் போயிடும்."

"அப்போ குடுங்க."

அவர் மேஜையைப் பார்த்தார். "கிருமியக் கொல்லலாம். ஈரல் இனி திரும்பாது. கிட்னியும் நின்னுக்கிட்டு வருது. ஆபரேஷனும் இந்த நிலைமைல தாங்க மாட்டாரு. போன ஆடில ஆரம்பிச்சிருந்தா…" நிறுத்திக்கொண்டார். "நான் அப்படிச் சொல்லக் கூடாது. மன்னிச்சுக்கங்க."

அப்பாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். உங்கள் ரத்தத்தில் ஒரு கிருமி ஏற்கெனவே இருந்ததாம், குடியால் வரவில்லையாம் என்று.

"எழுதிட்டாங்களா?" என்றார்.

"எழுதிட்டாங்கப்பா."

"காட்டு."

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். பிறகு, "உங்கம்மாகிட்டக் குடு, அவ படிக்கட்டும்," என்றார். அம்மா வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான் எப்பங்க உங்கள நம்பாம இருந்தேன்," என்றாள். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பவில்லையா, கழுத்து வலியா, எனக்கு இன்றுவரை தெரியாது.

எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் கொடுக்கப் பங்குச் சாமியார் வந்தார். அப்பா தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்காக நாங்கள் வெளியே நின்றோம். முடிந்ததும் உள்ளே போனால் அப்பாவின் முகம் கறுத்திருந்தது. சாமியார் போன பிறகு அம்மாவிடம் சொன்னார்.

"குடிய விட்டதுக்கு ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டாருங்கிறாரு, லூர்து. நான் செஞ்ச பாவம் எவ்வளவோ கெடக்கு. அதக் கேக்க ஆள் இல்ல."

கடைசி வாரத்தில் நினைவு புரள ஆரம்பித்தது. கெட்டுப்போன ஈரலால் வடிகட்ட முடியாத அம்மோனியா மூளைக்கு ஏறிவிடுமாம். பகலில் தூங்குவார், ராத்திரி விழித்திருப்பார். அதை இறக்க ஒரு தித்திப்பு மருந்து. அது வயிற்றுப் போக்கை உண்டாக்கித்தான் வேலை செய்யும். ஒரு நாளில் ஆறு முறை, ஏழு முறை அம்மா துணி மாற்றினாள். முகம் சுளிக்கவில்லை. டாக்டர் நஸ்ரின் காலையில் வந்ததும், "டிராஃபிக் நிறுத்துற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்கய்யா," என்பார். மூளைக்கு நஞ்சு ஏறியிருந்தால் அப்படி நீட்டிய கை நிற்காமல் கோழிச் சிறகு மாதிரி அடித்துக்கொள்ளுமாம். அப்பா நீட்டுவார். முழங்கை நேராக, உள்ளங்கை விறைப்பாக, எத்தனையோ திருவிழாக் கூட்டத்தை நிறுத்திய கை. மணிக்கட்டிலிருந்து படபடவென்று அடித்துக்கொள்ளும். அவர் அதைப் பார்த்து, "நில்லு, நில்லு" என்று அதட்டுவார்.

ஒருநாள் என்னைப் பார்த்து, "பேரு?" என்றார்.

"ஜெசிந்தாப்பா."

"தகப்பன் பேரு?"

"சவரிமுத்து."

"பொய் சொன்னா அடி விழும். உண்மையச் சொல்லு. எடுத்தியா?"

"இல்ல சார்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். "சரி, போ," என்றார். "பொண்டாட்டி காத்துக்கிட்டிருப்பா. போ."

அதன் பிறகு அவர் தெளிவாக எதுவும் பேசவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அம்மா வாயில் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். அறுபத்து நாலு வயது.

ஸ்டேஷனிலிருந்து மாலை வந்தது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து நாலு பேர் மெடல் குத்திக்கொண்டு வந்து சல்யூட் வைத்தார்கள். வாசல் பந்தலில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நல்ல மனுஷன். தண்ணிதான் கொண்டுபோயிடுச்சு."

கைப்பையில் அந்த ரிப்போர்ட் இருந்தது. எடுத்துக்கொண்டு நேராகப் போய் அவர் முன் நீட்டினேன். "படிங்க சார்."

"என்னம்மா இது?"

"எங்கப்பா குடிச்சதில்ல. வைரஸ். படிங்க."

அவர் சங்கடத்துடன் வாங்கி, படிக்காமலே மடித்து என் கையில் வைத்தார். "விடும்மா. போன மனுஷன் போயிட்டாரு. இனிமே எதுக்கு இதெல்லாம்?"

சேவியர் என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அடக்கம் முடிந்து திரும்பும்போது கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் பாதிப்பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை கழிந்ததும் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டர் காக்க வைக்காமல் கூப்பிட்டார். கவனமாகப் படித்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது போலத்தான் இருந்தது. பிறகு சொன்னார்.

"இதுவும் இருந்திருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் இவ்வளவு வேகமாப் போயிருக்கும்."

"ரெண்டுன்னா டாக்டர்?"

"உறுதிமொழி எழுதிக் குடுத்திருக்காரே. தேதியோட." கோப்பைத் திருப்பிக் காட்டினார். தேதி என் கையெழுத்தில் இருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் நஸ்ரின் முன்பே சொல்லியிருந்தார். நானும் அம்மாவும் ரத்தம் கொடுத்தோம். எனக்கு இல்லை. அம்மாவுக்கு இருந்தது. புருஷனிடமிருந்து வருவது அபூர்வம், ஒரே பிளேடால் நகம் வெட்டியிருந்தாலும் வந்திருக்கலாம், எப்படி என்று இனி சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஈரல் இன்னும் கெடவில்லை. தினம் ஒரு மாத்திரை.

முதல் மாத்திரையை அம்மா போட மறுத்தாள். "அவருக்குக் கெடைக்காதது எனக்கெதுக்கு?" என்று டப்பாவைத் தள்ளினாள். மூன்று நாள் கெஞ்சினேன். நாலாம் நாள் காலை, நான் கேட்காமலே, சமையலறையில் நின்றபடி விழுங்கினாள். அதற்குப் பிறகு ஒருநாள்கூட விடவில்லை. வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. இட்லி சாப்பிட்டாள், மாடு கறந்தாள், பூசைக்குப் போனாள், மாத்திரை போட்டாள். பன்னிரண்டு வாரம் முடிந்து, இன்னும் மூன்று மாதம் பொறுத்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்றைக்கு டாக்டர் நஸ்ரின் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சுத்தமாப் போயிடுச்சும்மா. இனிமே மாத்திரை வேண்டாம். எங்கிட்ட வரவும் வேண்டாம்."

அம்மாவுக்குப் புரியவில்லையோ என்று நான் மறுபடி சொன்னேன். புரிந்துதான் இருந்தது. காலி டப்பாக்களை, காட்ட வேண்டியிருக்குமோ என்று பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மூன்று டப்பா. அதை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானாம்மா?" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தும் அதையே கேட்டாள்.